கோப்பு வந்துவிட்டது, ஆனால் திறக்கவில்லை: பழைய எஃப்டிபி கிடங்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸுக்கு முந்தைய இயக்குதளமான டாஸின் பழைய மென்பொருள்களைத் தேடிச் சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அரும்பாடுபட்டுக் கண்டுபிடித்த ஜிப் கோப்புகளில் சில திறப்பதே இல்லை. பெயர் சரி, அளவும் ஏறக்குறைய சரி, உள்ளே மட்டும் ஏதோ சிதைந்திருக்கும். பல நேரங்களில் காரணம் ஒன்றுதான்: முப்பது வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் கோப்பை எஃப்டிபியில் (கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் முறை) இறக்குவதற்கு முன் 'பைனரி' என்ற ஒரே ஒரு சொல்லைத் தட்ட மறந்திருக்கிறார். அப்படிச் சிதைந்த பிரதியே கைமாறிக் கைமாறி இன்றைய சேகரங்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் காலத்து இணையத்தில் மென்பொருளைத் தேடுவதுதான் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். தேடுவதற்கு வழிகள் இருந்தன. கண்டுபிடித்ததைச் சேதமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான் அதிக இழப்பு நடந்தது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பைனரி என்று சொல்ல மறப்பது

எஃப்டிபி நெறிமுறையின் முதல் வடிவத்தை 1971இல் எழுதியவர் அபய் பூஷண். கான்பூர் ஐஐடியில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போனவர். அவர் எழுதிய ஆர்எஃப்சி 114 என்ற அந்த நெறிமுறை ஆவணம் வந்த நாளில் வலையிலிருந்த கணினிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. ஒரு வரி முடிந்தது என்பதைக் குறிப்பதில்கூட ஒற்றுமை இல்லை. பின்னாளிலும் அது மாறவில்லை: யூனிக்ஸ் 10 என்ற ஒரு பைட்டை வைக்கும், டாஸ் 13, 10 என இரண்டை வைக்கும், பழைய மேக் 13 மட்டும் வைக்கும். உரைக் கோப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகும்போது இந்த வேறுபாட்டை எஃப்டிபியே சரிசெய்து கொடுத்தது. உரைக்கு அது பெரிய உதவி. சிக்கல் என்னவென்றால், பல எஃப்டிபி நிரல்களில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் இந்த ஆஸ்கி முறையே அமலில் இருக்கும். 'பைனரி' என்று கட்டளையிட்டால்தான் பைட்டுகள் மாறாமல் அப்படியே வரும்.

ஜிப் கோப்பில் வரிகளே கிடையாது. ஆனாலும் 10 என்ற பைட் அதில் இருக்கும். சுருக்கப்பட்ட தரவில் 256 மதிப்புகளும் ஏறக்குறைய சமமாக வரும் என்பதால், 256 கிலோபைட் கோப்பொன்றில் 10 என்ற பைட் சுமார் 1,024 இடங்களில் இருக்கும். யூனிக்ஸ் கணினியிலிருந்து டாஸ் கணினிக்கு ஆஸ்கி முறையில் இறக்கினால் அத்தனை இடத்திலும் ஒரு 13 கூடுதலாக நுழையும். கோப்பு ஒரு கிலோபைட் பெருத்திருக்கும். இது நல்ல அறிகுறி: மூலத்தைவிட 256இல் ஒரு பங்கு அதிகமாக இருந்தால் என்ன நடந்தது என்று உடனே தெரிந்துவிடும். ஒவ்வொரு 13, 10 ஜோடியையும் மீண்டும் 10 ஆக்கினால் பெரும்பாலும் கோப்பு பிழைத்துக்கொள்ளும்.

எதிர்த்திசையில் போனால் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 13, 10 என்று இயல்பாகவே அடுத்தடுத்து அமைந்த இடங்கள் அதே கோப்பில் சுமார் நான்குதான் இருக்கும். அந்த நான்கு 13களும் உதிர்ந்துவிட்டால் கோப்பு நான்கு பைட் மட்டுமே குறையும், யார் கண்ணிலும் படாது. ஆனால் ஆயிரம் இடங்களில் எந்த நான்கில் அவை இருந்தன என்பதைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

இந்தத் தவறு இவ்வளவு பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. யூனிக்ஸிலிருந்து யூனிக்ஸுக்கு இறக்கினால் இருபுறமும் வரிமுடிவு ஒன்றே என்பதால் ஆஸ்கி முறையிலும் எதுவும் கெடாது. பல்கலைக்கழகக் கணினியில் நூறு முறை சரியாக வந்த பழக்கம், வீட்டுக் கணினியில் முதல் முறையே காலை வாரும். அதிலும் ஷெல் கணக்கு (தொலைவிலுள்ள யூனிக்ஸ் கணினியில் தட்டச்சுக் கட்டளைகளால் வேலை செய்யும் வசதி) வைத்திருந்தவர்களுக்கு இரண்டு கட்டப் பயணம். அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது சென்னையும் முதல் நகரங்களில் ஒன்று. ஷெல் கணக்கில் எஃப்டிபி கொடுத்தால் கோப்பு வந்து இறங்குவது எதிர்முனையிலுள்ள யூனிக்ஸ் கணினியில். அங்கிருந்து கெர்மிட் அல்லது இசட்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறைகள் வழியாக, தொலைபேசி இணைப்பில், வீட்டுக்கு இழுக்க வேண்டும். முதல் கட்டத்தில் பைனரி என்று கவனமாகச் சொல்லிவிட்டு, இரண்டாம் கட்டத்தில் கெர்மிட்டை உரை முறையில் விட்டவர்கள் ஏராளம்.

1996இல் வந்த பிஎன்ஜி பட வடிவத்தைப் பாருங்கள். அதன் முதல் எட்டு பைட்டுகள்: 137, 80, 78, 71, 13, 10, 26, 10. 137க்கு அடுத்த மூன்று எண்கள் பெயர் எழுத்துகள். மற்றவை காவலாளிகள். எட்டாவது பிட்டை வெட்டும் இணைப்பில் போனால் 137 மாறிவிடும். வரிமுடிவை யாராவது மாற்றினால் 13, 10 ஜோடியோ கடைசியில் தனியாக நிற்கும் 10 என்பதோ உடைந்துவிடும். கோப்பின் முதல் வரியைப் படித்ததுமே சேதம் தெரிந்துவிடும். பல வருடங்கள் ஆயிரக்கணக்கானோர் பட்ட துன்பத்தை எட்டே பைட்டுகளில் பாடமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது.

எதிர்முனையில் இருப்பதும் நம்முடையதைப் போன்ற கணினிதான் என்று நினைப்பது

டாஸ், அதற்கு முந்தைய இயக்குதளமான சிபி/எம் ஆகியவற்றின் மென்பொருள்களுக்குப் பெயர்போன கிடங்கு சிம்டெல்20. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், வைட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்தின் ராணுவக் கணினியில் இருந்தது. கீத் பீட்டர்சன் என்பவர் பல வருடம் அதைப் பராமரித்தார். அது ஓடிய டெக்20 இயந்திரத்தில் ஒரு சொல்லுக்கு 36 பிட்டுகள். எட்டு பிட் பைட்டுகள் நான்கை ஒரு சொல்லில் வைத்தால் 32 போக நான்கு பிட் வீணாகத் தொங்கும். அங்கே 'பைனரி' என்று கேட்டால் அந்த வீண் பிட்டுகளும் சேர்ந்து வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். 'டெனெக்ஸ்' என்று கேட்டால்தான் எட்டெட்டாகப் பிரித்துக் கொடுக்கும். மேலே சொன்ன பாடத்தைச் சிரத்தையாகக் கற்றவர்களும் இங்கே ஏமாந்தார்கள்.

1993இல் அந்த இயந்திரம் நிறுத்தப்பட்டது. அதற்குள் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வூஆர்க்கைவ், மிச்சிகனின் ஓக்லண்ட் பல்கலைக்கழகம், பின்லாந்தின் ஃபுனெட் போன்ற இடங்களில் பிரதிகள் இருந்தன. பின்பு வால்நட் க்ரீக் நிறுவனத்தின் சிடிக்களிலும் அது வாழ்ந்தது. எனவே இன்று ஒரு சிம்டெல் கோப்பு கிடைத்தால், அது எந்தப் பிரதியிலிருந்து வந்தது என்று குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

ஆர்ச்சியிடம் பொருளைக் கேட்பது

1990இல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ், பில் ஹீலன், பீட்டர் டாய்ச் ஆகியோர் உருவாக்கிய ஆர்ச்சிதான் இணையத்தின் முதல் தேடுகருவி என்று சொல்லப்படுவது. அது எஃப்டிபி தளங்களின் கோப்புப் பட்டியல்களைத் திரட்டி ஒரே இடத்தில் வைத்தது. பட்டியலில் இருந்தது கோப்பின் பெயரும் இடம், அளவு, தேதி போன்ற விவரங்களுமே. உள்ளடக்கம் அதற்குத் தெரியாது. 'கணக்கு எழுத மென்பொருள் வேண்டும்' என்பதுபோல் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் கை. டாஸில் பெயருக்கு எட்டு எழுத்து, பின்னொட்டுக்கு மூன்று எழுத்து என்ற கட்டு இருந்ததால் பெயர்களே சங்கேதம் போல இருக்கும். பிகேஇசட்204ஜி என்றால் ஜிப் கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் பிகேஜிப் நிரலின் 2.04ஜி பதிப்பு. இது தெரிந்தவருக்குத்தான் ஆர்ச்சி பயன்பட்டது.

பெயரை வைப்பவர் மென்பொருளை எழுதியவராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் இயக்குதளக் கருவுக்கு மனதில் வைத்திருந்த பெயர் ஃப்ரீயாக்ஸ். ஃபுனெட் தளத்தில் அதற்கு இடம் ஒதுக்கிய ஆரி லெம்கே அடைவுக்கு லினக்ஸ் என்று பெயரிட்டார். கிடங்குக் காப்பாளர் வைத்த பெயரே உலகப் பெயராகிவிட்டது. எனவே ஆசிரியர் என்ன பெயர் சொன்னார் என்பதோடு நிற்காமல், அடைவுகளில் எந்தப் பெயரில் கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஆர்ச்சி ஒவ்வொரு தளத்தையும் சுமார் மாதம் ஒரு முறைதான் திரும்பப் பார்த்தது. பட்டியலில் இருக்கிறது என்பதால் இப்போதும் அங்கே இருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து விஷயத்தில் யூனிக்ஸ் கறாரானது என்பதையும் பலர் மறந்தார்கள்.

இன்னொரு தவறு, பட்டியலில் முதலில் வந்த தளத்துக்கே ஓடுவது. நார்வேயில் இருப்பவர் பக்கத்திலிருந்த ஃபுனெட்டை விட்டுவிட்டு, பகல் நேரத்தில் கடல் கடந்து அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஐந்து மெகாபைட் இழுத்தால், குறுகலான கடலடி இணைப்பு எல்லோருக்கும் அடைத்துக்கொள்ளும். அந்தக் கணினிகள் முதலில் அங்கு படிப்பவர்களின் வேலைக்காக இருந்தவை. வெளியாருக்குக் கதவைத் திறந்து வைத்தது முழுக்க நல்லெண்ணம். அந்த ஊர் இரவில் எடுப்பது, பக்கத்துப் பிரதியில் எடுப்பது, கடவுச்சொல் கேட்குமிடத்தில் உண்மையான மின்னஞ்சலைக் கொடுப்பது ஆகியவை அந்த நல்லெண்ணத்துக்கு நாம் காட்டும் மரியாதை. மரியாதை கெட்ட இடங்களில் கதவு மூடப்பட்டது.

அஞ்சலில் துண்டு துண்டாக வந்ததை அவசரமாக ஒட்டுவது

எல்லோருக்கும் எஃப்டிபி வசதி இருக்கவில்லை. மின்னஞ்சல் மட்டும் வைத்திருந்தவர்களுக்காக டெக் நிறுவனத்தின் எஃப்டிபிமெயில், பிரின்ஸ்டனின் பிட்எஃப்டிபி போன்ற சேவைகள் இருந்தன. கட்டளைகளை ஒரு கடிதமாக எழுதி அனுப்பினால் கோப்பு பதில் கடிதங்களாக வரும். அஞ்சலில் எழுத்துகள் மட்டுமே பத்திரமாகப் போகும் என்பதால் யூயூஎன்கோட் மூலம் ஒவ்வொரு 45 பைட்டும் வரிமுடிவு உட்பட 62 எழுத்துகளாக மாறும். 500 கிலோபைட் கோப்பு 700 கிலோபைட்டை நெருங்கி, பத்துக்கும் மேற்பட்ட கடிதங்களாக வந்து சேரும்.

இங்கே நடந்த தவறுகள் எளியவை, கொடியவை. பெயர் வரிசைப்படி ஒட்டினால் 10ஆம் துண்டு 2ஆம் துண்டுக்கு முன்னால் போய் உட்காரும். கடிதத்தின் தலைப்பு வரிகளை நீக்காமல் ஒட்டினால் அதுவும் கோப்புக்குள் கலந்துவிடும். சில அஞ்சல் கணினிகள் வரியின் கடைசியில் இருந்த வெற்றிடங்களை வெட்டிவிடும். யூயூஎன்கோடில் வெற்றிடமும் ஒரு எழுத்து. ஒரு துண்டு தாமதமானதும் முழுக் கோப்பையும் மறுபடி கேட்டவர்கள், வரிசையில் காத்திருந்த அத்தனை பேரையும் இன்னும் ஒரு நாள் பின்னுக்குத் தள்ளினார்கள்.

பெரிய எண் உள்ளதை எடுப்பது

1995இல் பிகேஇசட்300பி என்ற பெயரில் ஒரு கோப்பு உலவியது. பிகேஜிப்பின் புதிய பதிப்பு என்று நம்பி எடுத்தவர்களுக்கு அது வைத்தது ஆப்பு. பிகேஜிப்பை உருவாக்கிய பிகேவேர் நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிடவே இல்லை. நம்பகமான தளமும் முழுக் காப்பு ஆகாது. 1994 ஏப்ரலில் வூஆர்க்கைவின் எஃப்டிபி சேவை நிரலுக்குள்ளேயே பின்வாசல் வைத்த பிரதிகள் உலவுவதாக கணினிப் பாதுகாப்பு எச்சரிக்கைகளை வெளியிடும் செர்ட் அமைப்பு எச்சரித்தது. 1999 ஜனவரியில் டிசிபி ராப்பர்ஸ் நிரலுக்கும் இதே கதி. பாதுகாப்புக்காக எழுதப்பட்ட நிரல் அது. மூலப் பிரதியோடு, கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் பிஜிபி மின்னணுக் கையொப்பம் இருந்தது. அதை ஒப்பிட்டவர்கள் தப்பித்தார்கள். கையொப்பம் இருக்கும்போது பார்க்காமல் விடாதீர்கள்.

இன்று தேடுபவர்கள் செய்வது

2021இல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் எஃப்டிபியைக் கைவிட்டன. உலாவியில் திறக்கவில்லை என்பதால் தளமே போய்விட்டது என்று முடிவு செய்யாதீர்கள். தனி எஃப்டிபி நிரலில் முயன்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கும் ஷேர்வேர் (முதலில் இலவசமாக முயன்று பார்க்கக் கொடுத்த மென்பொருள்) சிடி பிம்பங்களில் தேடுங்கள். ஒரே கோப்பை இரண்டு சிடிக்களிலிருந்து எடுத்து பைட் பைட்டாக ஒப்பிடுவது நான் விடாமல் செய்யும் வேலை.

ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டுப் புதிதாகச் சுருக்கி வைப்பதும் சேதமே. பழைய தேதிகள், ஆசிரியர் சேர்த்திருந்த குறிப்புகள், சரிபார்ப்புக் கையொப்பங்கள் அதில் போய்விடக்கூடும். வந்தபடியே வையுங்கள், பார்ப்பதற்கு வேறொரு பிரதியைப் பிரியுங்கள்.

மேக் கோப்புகளில் இது இன்னும் முக்கியம். பழைய மேக்கில் ஒரு கோப்புக்கு இரண்டு பாகங்கள் உண்டு: தரவு ஒன்று, வளம் இன்னொன்று. எழுத்துருக்கள் பெரும்பாலும் வளப் பாகத்திலேயே முழுதாகக் குடியிருந்தன. அந்தக் காலத்து மேக் தமிழ் எழுத்துரு ஒன்றின் ஸ்டஃபிட் (மேக்கின் சுருக்க வடிவம்) பொதியை விண்டோஸில் பிரித்தால் 0 பைட் என்று காட்டலாம். காலியான கோப்பு என்று நினைத்து மூலப் பொதியை அழித்துவிடாதீர்கள். எழுத்துரு முழுதாக அதற்குள்தான் இருக்கிறது. பழைய மேக்கைப் போல நடிக்கும் எமுலேட்டருக்குள் கொண்டுபோய்ப் பிரித்தால் வந்துவிடும்.