துருக்கி வீட்டு முகப்பைப் பார்ப்பது எப்படி?

சஃப்ரான்போலு ஊரின் பழைய வீட்டுப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த துருக்கி ஊர். எதையும் விளக்காமல் நாலு பேரிடம் காட்டி, கண் முதலில் எங்கே போகிறது என்று மட்டும் கேளுங்கள். வேலூரில் எங்கள் பெரியம்மா கேட்டது, "திண்ணை எங்கடா?" சரியான கேள்வி. நம் பழைய வீடு திண்ணையாகத் தெருவுக்கு வரும். அங்கேயோ கீழே கல்சுவர் ஜன்னல் குறைவாக மூடிக்கிடக்க, மாடிதான் மரத்தாங்கிகள் மேல் நீண்டு, நெட்டை ஜன்னல்களோடு தெருவை எட்டிப் பார்க்கும். அந்த நீட்டலுக்கு ஜும்பா என்று பெயர்.

அப்புறம் மாடியைக் கையால் மறைத்துக் காட்டுங்கள். "ஜெயில் மாதிரி இருக்கே" என்றார் பெரியம்மா. கையை எடுத்ததும் சிரித்துவிட்டார். நிறத்தைக் கடைசியில் கேளுங்கள், வெள்ளைச் சுவர் என்று ஆரம்பித்தால் பேச்சு சுண்ணாம்பு விலைக்குப் போய்விடும்.