வோர்ட் காய்ச்சும் அண்டாவுக்குக் குழாயும் வடிகட்டியும் பொருத்துவது எப்படி?

முளைகட்டிக் காயவைத்த பார்லியை ஒன்றிரண்டாக உடைத்து, 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்தால் கிடைக்கும் இனிப்புச் சாறுதான் வோர்ட். பீருக்கும் மூலம் இதுவே. ஆனால் அனுமதியில்லாமல் வீட்டில் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி இங்கே குற்றம். அதனால் குன்னூரில் எங்கள் வீட்டில் இஞ்சியும் எலுமிச்சைப் புல்லும் போட்டுக் கொதிக்கவைத்து, சூடாகக் குடிப்பதோடு சரி.

கொதிக்கும்போது சாற்றிலுள்ள புரதம் திரிந்த பால் மாதிரி திப்பிதிப்பியாகப் பிரியும். 15 லிட்டர் கொதிக்கிற சாற்றைச் சாய்த்து வடிகட்டினால் கை வெந்துவிடும். அதற்குத்தான் அடியில் குழாய், உள்ளே வடிகட்டி.

என்னென்ன வேண்டும்

20 லிட்டர் எவர்சில்வர் அண்டா, அடி தட்டையாக. குழாய் வைத்தே விற்கும் தண்ணீர் டிரம்மை அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள். அந்தக் குழாய் தீயைத் தாங்காது. ஹார்டுவேர் கடையில் அரை இஞ்ச் அளவில் எவர்சில்வர் பால் வால்வு (ball valve, திறந்து மூடும் குழாய்), நிப்பிள் (இரு முனையிலும் மரையுள்ள குட்டைக் குழாய்), இரண்டு செக் நட் (நிப்பிளை இறுக்கும் நட்), ஓர் எல்போ (வளைவுத் துண்டு), ஒரு ஹோஸ் நிப்பிள் (ஹோஸ் மாட்டும் முனை) வாங்குங்கள். கூடவே இரண்டு சிலிக்கான் வாஷர், டெஃப்லான் டேப், இரண்டு ஹோஸ் கிளிப். பித்தளை விலை குறைவுதான், ஆனால் அதில் ஈயம் கலந்திருக்கலாம். வேண்டாம்.

வடிகட்டிக்கு, கீசருக்குப் போடும் கம்பிப் பின்னல் கனெக்‌ஷன் பைப் ஒன்று. பின்னல் எவர்சில்வர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

துளை போடுதல்

அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் குறி வையுங்கள். நான் முதல் அண்டாவில் ஒரு சொட்டும் மிஞ்சக் கூடாது என்ற பேராசையில் அடி வளைவை ஒட்டியே துளைத்தேன். வாஷர் சமமாக உட்காரவில்லை, ஒழுகி ஒழுகி அடுப்பே அணைந்தது. அந்த அண்டா இப்போது ரோஜாத் தொட்டி.

சென்டர் பஞ்சால் (கூர்முனை உளி) ஒரு தட்டு தட்டிக் குழி போட்டு, உட்புறம் மரக்கட்டை அணை கொடுத்து, ஸ்டெப் டிரில் பிட்டால் (படிப்படியாக அகலமாகும் கூம்பு பிட்) 21 அல்லது 22 மி.மீ. வரை துளையுங்கள். வேகம் குறைவு, அழுத்தம் அதிகம். நடுநடுவே இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். வேகமாகச் சுற்றினால் எவர்சில்வர் சூடேறி இறுகிவிடும், பிட்தான் மழுங்கும். துளையின் விளிம்பை அரத்தால் வழித்துவிடுங்கள். கை நடுங்கினால் லேத் பட்டறையில் கொடுத்துவிடலாம்.

பொருத்துதல்

நிப்பிளைத் துளையில் நுழைத்து, உள்ளே ஒரு வாஷரும் நட்டும், வெளியே ஒரு வாஷரும் நட்டும் வைத்து இறுக்குங்கள். வெளிமுனையில் டேப் சுற்றி வால்வு. உள்முனையில் எல்போ, அதில் ஹோஸ் நிப்பிள், வாய் பக்கவாட்டில் கொஞ்சம் கீழ்நோக்கி.

கனெக்‌ஷன் பைப்பின் இரு முனைகளையும் வெட்டி, உள்ளிருக்கும் ரப்பர் குழாயை உருவி எடுத்துவிடுங்கள். பின்னலை இரு பக்கமும் உள்நோக்கித் தள்ளினால் அது விரிந்து கொடுக்கும், ரப்பர் வழுக்கிக்கொண்டு வரும். வெறும் பின்னலின் ஒரு முனையை ஹோஸ் நிப்பிளில் மாட்டிக் கிளிப் போடுங்கள். மறுமுனையை மடித்து இன்னொரு கிளிப். அது அண்டாவின் ஓரத்தை ஒட்டி அடியில் வளைந்து கிடக்க வேண்டும்.

சோதனை

பச்சைத் தண்ணீரில் ஒழுகாதது வெந்நீரில் ஒழுகும். வெறும் தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்கவைத்துப் பாருங்கள்.

காய்ச்சுவதும் வடிப்பதும்

குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. அதனால் ஒரு மணி நேரக் கொதிக்கு நான் பத்து நிமிடம் கூடுதலாகக் கொடுப்பேன். இஞ்சியைத் தட்டித்தான் போட வேண்டும். அரைத்துப் போட்டால் பின்னல் அடைத்துக்கொள்ளும்.

இறக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வால்வைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துத் திரும்ப அண்டாவிலேயே ஊற்றுங்கள். குழாய்க்குள் தேங்கியது கொதித்திருக்காது. அடுப்பை அணைத்ததும் நீளக் கரண்டியால், பின்னலில் இடிக்காமல், ஒரே திசையில் சுற்றிவிட்டு மூடி வையுங்கள். இருபது நிமிடத்தில் திப்பியெல்லாம் நடுவில் குன்றாகக் குவியும். ஓரத்தில் கிடக்கும் பின்னலுக்குத் தெளிந்த சாறு வரும். வால்வைக் கால்வாசி மட்டும் திறங்கள். முழுக்கத் திறந்தால் அந்தக் குன்று சரிந்து, முதலில் பின்னலில்தான் போய் அப்பும்.

முடிந்ததும் வெந்நீர் விட்டு அலசி, வால்வைப் பாதி திறந்த நிலையில் காயவிடுங்கள். சாறு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். நுரைத்துக்கொண்டு வந்தால் கொட்டிவிடுங்கள்.