காலியாகத் தெரியும் குப்பி: ரீகாம்பினன்ட் புரதத்தைக் கரைத்துப் பிரித்து வைப்பது எப்படி?

"அக்கா, காலிக் குப்பியை அனுப்பியிருக்காங்க!"

சேலத்தில் எங்கள் லேபுக்கு புராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகளில் யாராவது ஒருவர் வருஷா வருஷம் இப்படிச் சொல்வார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் மெல்லிய படலம் தெரியலாம். சில குப்பிகளில் அதுவும் தெரியாது. உள்ளே இருப்பது 100 மைக்ரோகிராம் புரதம், அதாவது ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மனித இ.ஜி.எஃப். (எபிடெர்மல் குரோத் ஃபேக்டர்). செல்களைப் பெருகத் தூண்டும் சின்னப் புரதம். 53 அமினோ அமிலங்கள், அதன் மடிப்பைப் பிடித்து வைக்கும் மூன்று டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்புகள். அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் இந்தப் புரதத்தை முதலில் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில்தான் கண்டார். அதை ஊசி போட்ட எலிக்குட்டிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கண் திறந்தன! 1986-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்போது மனித மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து அங்கேயே புரதத்தை உருவாக்கி, சுத்திகரித்து, உறையவைத்து உலர்த்தி அனுப்புகிறார்கள். இப்படி வருவதுதான் ரீகாம்பினன்ட் புரதம்.

முதல் வேலை, குப்பியைத் திறக்காமல் இருப்பது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலுக்குச் சித்திரை வெயிலில் எப்படி வேர்க்கிறது? சில்லென்ற குப்பியைத் திறந்தால் அதே ஈரம் பொடியில் இறங்கும். அறை வெப்பநிலைக்கு வரட்டும். பிறகு அரை நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் (வேகமாகச் சுழற்றும் கருவி) சுற்றுங்கள். வழியில் குலுங்கி மூடியில் ஒட்டிய பொடி அடிக்கு வந்துவிடும்.

குப்பியின் குளிர் விடும் நேரத்தில், எவ்வளவு திரவம் சேர்ப்பது, எத்தனை ட்யூபில் பிரிப்பது என்ற கணக்கை நோட்டில் போட்டு முடியுங்கள். திறந்த பிறகு யோசிக்கக் கூடாது.

இப்போது கரைக்கலாம். 250 மைக்ரோலிட்டர் ஸ்டெரைல் தண்ணீரைக் குப்பியின் சுவர் ஓரமாக மெதுவாக விடுங்கள். வோர்டெக்ஸ் (ட்யூபை வேகமாகக் குலுக்கும் கருவி) பக்கமே போகாதீர்கள். நுரை வந்தால் காற்றும் நீரும் சேரும் இடத்தில் புரதம் மடிப்புக் குலைந்து வீணாகும். கையில் பிடித்து லேசாகச் சுழற்றி, பத்து நிமிடம் விடுங்கள். அதன் பிறகு 0.2 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு ரத்தத்தில் இருந்து எடுக்கும் ஆல்புமின் புரதம்) கலந்த பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக் கரைசல்) 250 மைக்ரோலிட்டர் சேருங்கள். இவ்வளவு நீர்த்த புரதம் பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டிக் காணாமல் போகும். பி.எஸ்.ஏ. முந்திக்கொண்டு அந்தச் சுவரில் ஒட்டி, நம் புரதத்தைக் காப்பாற்றும். (உங்கள் புரதம் வேறு என்றால் குப்பியோடு வரும் டேட்டாஷீட் சொல்லும் கரைப்பானையே பயன்படுத்துங்கள். சிலவற்றுக்கு நீர்த்த அசிட்டிக் அமிலம் வேண்டும்.)

மொத்தம் 500 மைக்ரோலிட்டர். ஒரு மைக்ரோலிட்டருக்கு 200 நானோகிராம். இதை அன்றைக்கே, அந்த மேசையிலேயே, 20 மைக்ரோலிட்டர் வீதம் ட்யூப்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் ஃபிரீசரில் வையுங்கள். நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். உறைந்து உருகி உறைந்து உருகி வந்த புரதம் எவ்வளவு வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு மாத வேலையின் முடிவு அதில் தொங்கும். பனி கட்டாத வகை ஃபிரீசரும் வேண்டாம். பனியைக் கரைக்க அது தானாகவே அவ்வப்போது சூடேறும். நம் ஊரில் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் முன்பே தெரிந்துவிடும். அன்று ஜெனரேட்டர் ஓடுமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பயன்படுத்தும் நாளில் ஒரே ஒரு ட்யூபை ஐஸில் வைத்து உருக்குங்கள். செல் வளர்க்கும் திரவமான மீடியம் 10 மில்லியில், மில்லிக்கு 10 நானோகிராம் வேண்டும் என்றால் மொத்தத் தேவை 100 நானோகிராம், அதாவது அரை மைக்ரோலிட்டர். பைப்பெட்டில் இவ்வளவு சின்ன அளவைத் துல்லியமாக எடுப்பது கஷ்டம். ஆகவே அந்த 20 மைக்ரோலிட்டரோடு 0.1 சதவீத பி.எஸ்.ஏ. கலந்த பி.பி.எஸ். 380 மைக்ரோலிட்டர் சேருங்கள். இப்போது மைக்ரோலிட்டருக்கு 10 நானோகிராம்; 10 மைக்ரோலிட்டர் எடுத்தால் போதும். மீதியைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

கன்ட்ரோல் கிணறுகளுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க, செல் வளர்க்கும் தட்டில் இ.ஜி.எஃப். இல்லாமல் விடும் குழிகள்) இதே கரைசலைப் புரதம் மட்டும் இல்லாமல் அதே அளவு விடுங்கள். இல்லாவிட்டால் செல் வளர்ந்தது இ.ஜி.எஃபாலா, பி.எஸ்.ஏ.வாலா என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

லேபிளில் ஆய்வுக்கு மட்டும் என்று இருக்கும். புண் ஆறும் என்று கேள்விப்பட்டு யாராவது கேட்டால், ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள்.