டெக்சாஸில் ஹோஸ்டிங் விற்பவர் வரி கணக்கிடும் முறை

அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டதால், வலைத்தள ஹோஸ்டிங் (வலைத்தளத்தைச் சர்வரில் வைத்து இயக்கித் தரும் சேவை) கட்டணத்துக்குக் கலிஃபோர்னியாவில் வரி இல்லை, டெக்சாஸில் உண்டு. ஆகவே முதலில் வாடிக்கையாளர் எந்த மாநிலத்தவர் என்பதைப் பாருங்கள்.

அடுத்து, இன்வாய்ஸில் உள்ள சேவைகளைப் பிரித்து எழுதுங்கள். பலரும் சறுக்கும் இடம் இதுதான். 1998இல் இயற்றப்பட்டு 2016இல் நிரந்தரமாக்கப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் இணைய இணைப்புக் கட்டணத்தின்மீது வரி விதிக்கத் தடை விதிக்கிறது. இந்தத் தடையிலிருந்து தமக்குக் கிடைத்திருந்த பழைய விலக்கின் பேரில் இணைப்புக்கு வரி வசூலித்துவந்த டெக்சாஸ் போன்ற மாநிலங்களும் 2020 ஜூன் 30உடன் அதை நிறுத்த நேர்ந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு இணைப்புக்குத்தான். ஹோஸ்டிங்கை டெக்சாஸ் வரிக்குரிய தரவுச் செயலாக்கச் சேவையாகவே கருதுகிறது.

அவ்வகைச் சேவையில் 20 விழுக்காட்டுக்கு விலக்கு உண்டு. மாதம் 60 டாலர் இணைப்பும் 100 டாலர் ஹோஸ்டிங்கும் வாங்கும் வாடிக்கையாளருக்கு, 80 டாலருக்கு மட்டுமே வரி கணக்கிட வேண்டும். மாநில வரி 6.25 விழுக்காடு, உள்ளூர் வரி அதிகபட்சம் 2 விழுக்காடு. இரண்டும் முழுமையாகச் சேர்ந்தால் வரி 6.60 டாலர். இணைப்பையும் ஹோஸ்டிங்கையும் ஒரே தொகையாக, 160 டாலர் என்று எழுதிவிட்டால், இணைப்பின் பங்கு எவ்வளவு என்பதைக் கணக்குப் புத்தகத்தைக் காட்டி நிறுவும் வேலை உங்கள் தலையில் விழும்.

வெளிமாநில விற்பனையாளருக்கும் இது பொருந்தக்கூடும். வெளிமாநில விற்பனையாளரிடமும் மாநிலங்கள் வரி வசூலிக்கச் சொல்லலாம் என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டு வேஃபேர் தீர்ப்புக்குப் பிறகு, மாநிலத்தில் அலுவலகம் இல்லாவிட்டாலும், முந்தைய 12 மாதங்களில் டெக்சாஸிலிருந்து வந்த வருவாய் 5 லட்சம் டாலரைத் தொட்டுவிட்டால், அம்மாநிலத்தின் வரி நிர்வாகத்தைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் பதிவுசெய்து வரியை வசூலித்துச் செலுத்த வேண்டும்.