சப்லைம் டெக்ஸ்ட்: முதல் நாளே கை பழக

பக்கத்து வீட்டுத் தம்பி நோட்பேடில் பைத்தான் மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தான். எங்கோ ஓர் அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டு, அதைத் தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. அவனுக்குச் சப்லைம் டெக்ஸ்ட் என்ற நிரல் எழுதும் எடிட்டரைப் போட்டுக் கொடுத்தேன். அதில் கர்சரை ஓர் அடைப்புக்குறியின் அருகில் வைத்தால், அதன் ஜோடி எங்கே இருக்கிறதோ அங்கே அடிக்கோடு விழும். ஜோடி இல்லையென்றால் கோடும் இல்லை. அன்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸை மனதில் வைத்துச் சொல்கிறேன். மேக்கில் பெரும்பாலான இடங்களில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

முதலில் ஒரு விஷயம். இது இலவச மென்பொருள் இல்லை, ஷேர்வேர், அதாவது முதலில் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு காசு கொடுக்கும் வகை. ஜான் ஸ்கின்னர் என்ற ஆஸ்திரேலியர் கூகுள் வேலையை விட்டுவிட்டு எழுதிய எடிட்டர் இது, 2008ல் வெளிவந்தது. இப்போது நான்காம் பதிப்பு ஓடுகிறது. இறக்கிப் பயன்படுத்திப் பார்க்கலாம், முப்பது நாள் கெடுவும் கிடையாது, பூட்டும் கிடையாது. எப்போதாவது சேவ் செய்யும்போது மட்டும், "தொடர்ந்து பயன்படுத்துவதானால் லைசென்ஸ் வாங்குங்கள்" என்று ஒரு சிறு பெட்டி வந்து கேட்கும். கேன்சல் அழுத்தினால் போய்விடும்.

நிறுவுதல்

சப்லைம் டெக்ஸ்டின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடினால் "முழுப் பதிப்பு இலவசம்" என்று ஆசை காட்டும் தளங்கள் நிறைய வரும், அந்தப் பக்கமே போக வேண்டாம். நிறுவும்போது, வலது கிளிக் மெனுவில் சேர்க்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்துகொள்ளுங்கள், தினமும் உதவும். அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லையா? போர்ட்டபிள் ஜிப் இருக்கிறது. அதைப் பிரித்து பென்டிரைவிலேயே வைத்து ஓட்டலாம்.

ஃபைலைத் திறக்காதீர்கள், ஃபோல்டரைத் திறங்கள்

புதிதாக வருபவர்கள் ஒவ்வொரு ஃபைலாகத் தேடித்தேடித் திறப்பார்கள். அதற்குப் பதில் ஃபைல் மெனுவில் ஓபன் ஃபோல்டர் போய், உங்கள் பயிற்சிக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரைக் கொடுங்கள். இடது பக்கப் பட்டையில் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். பட்டை இடத்தை அடைத்தால் கண்ட்ரோல் கே, கண்ட்ரோல் பி (B) என்று அடுத்தடுத்து அழுத்தினால் மறையும், மறுபடி அழுத்தினால் திரும்பி வரும்.

இப்போது புதிய ஃபைல் ஒன்றைத் தொடங்கி, எதையும் எழுதும் முன் பைத்தான் ஃபைலுக்கு உரிய பின்னொட்டோடு (.py) சேவ் செய்துவிடுங்கள். பின்னொட்டைப் பார்த்துத்தான் எடிட்டர் மொழியை அறிந்து வண்ணம் பூசுகிறது. எல்லா எழுத்தும் ஒரே நிறத்தில் இருந்தால் வலது கீழ் மூலையைப் பாருங்கள். பிளெயின் டெக்ஸ்ட் என்று இருக்கும். அதைக் கிளிக் செய்து மொழியை மாற்றலாம்.

இன்னொரு எச்சரிக்கை. எழுதிக்கொண்டிருக்கும்போதே சப்லைமை மூடிவிட்டால், "சேவ் செய்யவா" என்று அது கேட்காது. அடுத்த முறை திறந்தால் எழுதியதெல்லாம் அப்படியே இருக்கும். கரண்ட் போனால்கூட பெரும்பாலும் மீண்டு வரும். அருமையான வசதிதான், ஆனால் அந்த எழுத்து இன்னும் உங்கள் ஃபைலுக்குள் போகவில்லை. தாவலின் (டேப்) ஓரத்தில் பெருக்கல் குறிக்குப் பதில் ஒரு புள்ளி தெரிந்தால் சேவ் ஆகவில்லை என்று அர்த்தம். இது தெரியாமல், பாதி எழுதிய ஃபைலை நண்பருக்கு மெயிலில் அனுப்பிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

ஓட்டிப் பார்த்தல்

கண்ட்ரோல் பி (B) அழுத்தினால் நிரல் ஓடும், விடை கீழே ஒரு பலகையில் வரும். ஆனால் கணினியில் பைத்தான் தனியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும். எடிட்டருக்குள் பைத்தான் வந்துவிடாது.

பயனரிடம் பெயர் கேட்பது, எண் கேட்பது போன்ற நிரலில் எல்லாத் தொடக்கக்காரர்களும் இங்கே வந்து முட்டிக்கொள்வார்கள். இன்புட் வரியில் ஈஓஎஃப் எரர் என்று சிவப்பாக விழும். நீங்கள் எழுதியதில் தவறே இருக்காது. கீழே இருக்கும் அந்தப் பலகை விடையைக் காட்டுமே தவிர, நீங்கள் தட்டுவதை வாங்காது. அப்படிப்பட்ட நிரலைக் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் ஓட்டுங்கள். எடிட்டரில் எழுதுவது, கறுப்புத் திரையில் ஓட்டுவது என்று பழகிக்கொண்டால் பின்னால் எந்த எடிட்டருக்குப் போனாலும் சிக்கல் இல்லை.

கண்ட்ரோல் டி

இதற்காகத்தான் நான் இந்த எடிட்டரோடு ஒட்டிக்கொண்டேன். பிரைஸ் என்ற மாறியை (வேரியபிள்) ஐந்து இடத்தில் எழுதிவிட்டீர்கள், இப்போது அதை டோட்டல் என்று மாற்ற வேண்டும். அந்தச் சொல்லின் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல் டி அழுத்துங்கள், சொல் தேர்வாகும். மறுபடி அழுத்துங்கள், அடுத்த பிரைஸும் சேர்ந்துகொள்ளும். ஐந்தும் வந்ததும் புதுப் பெயரைத் தட்டுங்கள். ஐந்து கர்சரும் ஒரே நேரத்தில் எழுதும். முடிந்ததும் எஸ்கேப்.

இடையில் ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டுமென்றால், அதற்கு வந்ததும் கண்ட்ரோல் கே, கண்ட்ரோல் டி. தவறிக் கூடுதலாக ஒன்று சேர்ந்துவிட்டால் கண்ட்ரோல் யு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எதையும் தேர்வு செய்யாமல் கர்சரை மட்டும் வைத்துத் தொடங்கினால் முழுச் சொல்லை மட்டுமே தேடும், பிரைஸ்லிஸ்ட்டைத் தொடாது. அதுவே மவுஸால் இழுத்து பிரைஸைத் தேர்ந்துவிட்டுத் தொடங்கினால், பிரைஸ்லிஸ்ட்டுக்குள் இருக்கும் பிரைஸையும் சேர்த்துப் பிடித்துவிடும். எல்லாவற்றையும் ஒரே தட்டில் பிடிக்க ஆல்ட் எஃப்3 இருக்கிறது. ஆனால் அது திரைக்கு வெளியே நீங்கள் பார்க்காததையும் மாற்றிவிடும். கை பழகும்வரை ஒவ்வொன்றாகவே போங்கள்.

அடுத்து, வரிகளை வைத்து ஒரு வேலை. எக்செல்லில் இருந்து ஊர்ப் பெயர்களைப் புதிய ஃபைலில் ஒட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

மதுரை
தேனி
கரூர்
நாகை

கடைசியில் வெற்று வரி இல்லாமல் பார்த்துக்கொண்டு, கண்ட்ரோல் ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கண்ட்ரோல் ஷிஃப்ட் எல். ஒரே தேர்வு நான்காகப் பிரிந்து, வரிக்கு ஒரு கர்சர் நிற்கும். இப்போது இரட்டை மேற்கோள் குறியை ஒரே ஒருமுறை தட்டுங்கள். ஒவ்வொரு பெயரின் இருபுறமும் மேற்கோள் வந்து உட்காரும். எண்ட் விசையை அழுத்தி ஒரு காற்புள்ளி. எஸ்கேப். மேலே ஒரு வரி, கீழே ஓர் அடைப்புக்குறி சேர்த்தால் பட்டியல் தயார்:

ஊர்கள் = [
"மதுரை",
"தேனி",
"கரூர்",
"நாகை",
]

இது அப்படியே ஓடும். பைத்தான் 3ல் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், கடைசிக் காற்புள்ளியும் பிழை இல்லை. நான்கு ஊருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது, நானூறு ஊரை ஒட்டிப் பாருங்கள்.

தாவிப் போவது

கண்ட்ரோல் பியை (P) அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும், நான் மேலே நிரலை ஓட்டச் சொன்ன பி (B) வேறு. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து ஓட்டுவதற்கு, பதினாறாம் எழுத்து தாவுவதற்கு. தமிழில் எழுதினால் இந்தக் குழப்பம் தவிர்க்க முடியாதது! பதினாறாம் எழுத்தோடு திறக்கும் பெட்டியில் ஃபைல் பெயரின் சில எழுத்துகளை மட்டும் தட்டினால் போதும், ஃபைல் வந்து நிற்கும். பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து 120 என்று சேர்த்தால் நேரே 120ஆம் வரிக்கே போகும். பிழைச் செய்தி எப்போதும் வரி எண்ணைத்தான் சொல்லும் என்பதால் இது அடிக்கடி கைகொடுக்கும்.

மெனுவில் எது எங்கே இருக்கிறது என்று மறந்துவிட்டால் அதே எழுத்தோடு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள். வேண்டிய கட்டளையின் பெயரைத் தட்டித் தேடலாம்.

கூடுதல் பேக்கேஜ்கள்

டூல்ஸ் மெனுவில் பேக்கேஜ் கண்ட்ரோலை நிறுவும் வழி இருக்கிறது. அதன் வழியாக ஆயிரக்கணக்கில் பேக்கேஜ்கள், அதாவது எடிட்டருக்குப் புது வசதி சேர்க்கும் துணை நிரல்கள், கிடைக்கும். முதல் மாதம் ஒன்றும் போடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. இருபது பேக்கேஜ் போட்டுவிட்டு "சப்லைம் மெதுவாக இருக்கிறது" என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காசு

பிசி-ரைட் என்ற வேர்ட் பிராசசரை 1983ல் வெளியிட்ட பாப் வாலஸ், ஷேர்வேர் என்ற சொல்லைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். அவருடைய ஃபிளாப்பியை யாரும் யாருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம். உங்கள் நகலைப் பயன்படுத்தி இன்னொருவர் பணம் கட்டிப் பதிவு செய்தால் உங்களுக்கும் கமிஷன் உண்டு. சப்லைமில் கமிஷன் எல்லாம் கிடையாது, நம்பிக்கை மட்டும் அதே மாதிரி.

தனிநபர் லைசென்ஸ் 99 டாலர். நம் கணக்கில் சின்னத் தொகை இல்லை. மாணவர்கள் பழகிப் பார்க்கட்டும். இதை வைத்துச் சம்பாதிக்கத் தொடங்கியவர்கள் வாங்கிவிடுவதுதான் முறை. ஒரு லைசென்ஸை விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று உங்களுடைய எல்லாக் கணினிகளிலும் போட்டுக்கொள்ளலாம். மூன்று ஆண்டுக்குப் புதுப்பிப்புகள் வரும். அதற்குப் பிறகும் அதுவரை வந்த பதிப்பு உங்களிடம் ஓடிக்கொண்டே இருக்கும்.

வாங்கினால் மெயிலில் எழுத்தும் எண்ணுமாக ஒரு பத்தி வரும். ஹெல்ப் மெனுவில் என்டர் லைசென்ஸ் போய் அதை ஒட்ட வேண்டும். நடுவில் இருக்கும் எண்களை மட்டும் ஒட்டினால் ஏற்காது. தொடக்கம், முடிவு என்று கோடு போட்ட வரிகளையும் சேர்த்து முழுவதுமாக ஒட்டுங்கள்.