உப்புச் சுரங்கத்துக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து ஐரோப்பா கிளம்பும் குழுக்களின் திட்டத்தில் இப்போதெல்லாம் போலந்தும் இருக்கிறது. பனியன் ஏற்றுமதி வேலையாக அந்தப் பக்கம் போய் வந்த பிள்ளைகள், அடுத்த கோடைக்கே அப்பா அம்மாவுக்கும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். போலந்து என்றால் கிராக்கோவ். கிராக்கோவ் போனால் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் தோண்டத் தொடங்கி 1996 வரை விற்பனைக்கு உப்பு வெட்டிய இடம் அது. 1978இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலை அறிவித்தபோது, அதில் இருந்த பன்னிரண்டில் இதுவும் ஒன்று.

குழு கூட்டிப் போவதுதான் என் தொழில். புதிதாக இதில் இறங்கும் தம்பிகள் தங்கள் திட்டத்தை எனக்கு அனுப்பிப் பார்த்துத் தரச் சொல்வார்கள். இந்தக் கோடைக்கு வந்தவற்றைப் பார்த்தேன். முன்பு இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் எங்கெங்கே இடறினார்களோ, அதே இடங்களில்தான் இவர்களும் இடறப் போகிறார்கள். நல்ல ஷூ போடுங்கள், ஸ்வெட்டர் எடுங்கள், பாஸ்போர்ட் பத்திரம் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் போனால் காசும் நாளும் சேர்ந்து போகிற விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

வேறு சுரங்கத்தின் வீடியோவைக் காட்டி ஆசை மூட்டுவது

குழுவின் வாட்சப்பில் யாராவது ஒரு வீடியோ போடுவார்கள். பூமிக்கடியில் ராட்டினம் சுற்றும், ஏரியில் ஆட்கள் படகு தள்ளுவார்கள். அது ருமேனியாவில் இருக்கிற டுர்டா. மரச் சறுக்கில் சர்ரென்று வழுக்கிப் போவது ஆஸ்திரியாவில், ஹால்ஸ்டாட், ஹாலைன் பக்கத்துச் சுரங்கங்களில். நிலத்தடி ரயிலும் படகும் போலந்திலேயே வேண்டுமென்றால் போக்னியா இருக்கிறது. அது வியெலிச்காவின் பக்கத்து ஊர், 2013இல் அதே பாரம்பரியச் சின்னத்தில் சேர்க்கப்பட்டது. வியெலிச்காவின் சுற்றுலாப் பாதையில் இதெல்லாம் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது மனிதன் உளியால் செய்த வேலை. இதைக் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டால், உள்ளே போய் "ராட்டினம் எங்கீங்க?" என்று பேரப்பிள்ளைகள் முகம் தொங்க நிற்க மாட்டார்கள்.

லிஃப்ட் இருக்கிறது என்று சொல்வது

எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான்.

லிஃப்ட் இருப்பது உண்மை. ஆனால் வழக்கமான சுற்றுலாப் பாதையில் அது மேலே வருவதற்கு மட்டும். உள்ளே போவது டானிலோவிச் குழியின் மரப்படிகளில் இறங்கித்தான். முதல் தளம் 64 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, அதற்கே சுமார் 380 படி. சதுரமான கூண்டுக்குள் சில படி இறங்கி, திரும்பி, மறுபடி சில படி இறங்கித் திரும்பி என்று போய்க்கொண்டே இருக்கும். கைப்பிடி வழியாக எட்டிப் பார்த்தால் இன்னும் கீழே கீழே அதே மரச்சட்டங்கள். அப்புறம் உள்ளே அறை அறையாக நடந்து 135 மீட்டர் ஆழம் வரை போக வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 800 படி, மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை, இரண்டிலிருந்து மூன்று மணி நேரம்.

இதைக் கேட்டதும் நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "பழனிமலை ஏறினவங்களுக்கு இதெல்லாம் ஒரு கணக்குங்களா?" கூட்டிப் போகிறவரும் சரி என்று தலையாட்டிவிடுகிறார். பழனியில் 693 படி, சென்னிமலையில் 1,320. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரியாகத்தான் தெரியும். ஆனால் மலைக்கோயிலில் மூச்சு வாங்கினால் படியோரம் உட்காரலாம், ஒரு மோர் குடிக்கலாம், முடியவில்லை என்றால் வின்ச்சில் இறங்கலாம். சுரங்கத்தில் முன்னால் வழிகாட்டி போகிறார், பின்னால் நம் குழு, அதற்கும் பின்னால் அடுத்த நேரத்துக்கு டிக்கெட் வாங்கிய இன்னொரு குழு. இருவர் ஒதுங்கி நிற்கவே இடம் குறைவு. திரும்பி மேலே போகிறேன் என்றாலும் அதே படியில்தான் ஏற வேண்டும்.

இன்னொன்று, ஏறுவது இதயத்தையும் மூச்சையும் சோதிக்கும், இறங்குவது முட்டியைத்தான் போட்டுப் பார்க்கும். தேய்ந்த முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எமன். ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழு எடையையும் மடங்கிய முட்டி தாங்கி நிறுத்த வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்காததால் பெரியவர்களுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. நூறு படி தாண்டும்போது தொடை நடுங்க ஆரம்பிக்கும்.

கோபி பக்கத்து அம்மா ஒருவரை மறக்க முடியவில்லை. டிக்கெட் போட்ட மகன் என்னிடம் "அம்மா காட்டுக்கும் வீட்டுக்கும் நல்லா நடப்பாங்க, ஒண்ணும் பிரச்சனையில்லைங்க" என்றார். படிவத்தில் முட்டிவலிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்பது கீழே போன பிறகுதான் தெரிந்தது. பாதிக் குழியில் அவர் பக்கவாட்டாகத் திரும்பி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அவருக்கு அவமானமாகிவிட்டது. "ஏனுங் தம்பி, இன்னும் எத்தனை படிங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார், குரல் ஒவ்வொரு முறையும் இறங்கிக்கொண்டே வந்தது. அதற்குப் பிறகு எந்த அறையையும் அவர் பார்க்கவில்லை. சுரங்கத்துக்குள்ளேயே உப்புப் பாறையில் செதுக்கிய புனித கிங்காவின் தேவாலயத்தில், தலைக்கு மேல் உப்புப் படிகங்கள் கோத்த சரவிளக்கு எரிய, அவர் கண் அடுத்த படி எங்கே என்று தரையிலேயே இருந்தது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் முட்டி வீங்கி ஓட்டல் அறையில் கிடந்தார். கூடத் துணைக்கு அவருடைய அக்காவும் ஊர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் ஒரு முறை என்று சேர்த்து வைத்துப் போன பயணம் அது.

மகன் மேல் கோபப்படலாம். ஆனால் விற்கிறபோது "லிஃப்ட் இருக்குதுங்க" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிற நம் தொழில்காரர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். டிக்கெட் விற்றுவிட வேண்டும், மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற நினைப்பு. அங்கே போய்ப் பார்த்துக்கொள்ள முடியாது. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் லிஃப்டிலேயே கீழே போய்ச் சில அறைகளை மட்டும் பார்த்து வர அந்தச் சுரங்கத்தில் ஏற்பாடு உண்டு, சக்கர நாற்காலிக்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். நுழைவாயிலில் நின்று கெஞ்சினால் நடக்காது.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "நடப்பீங்களா?" என்று கேட்டால் கொங்கு நாட்டில் எந்தப் பெரியவரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். அது அவர் மானப் பிரச்சனை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கையூன்றாமல் எழுவீர்களா, வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் எப்போது மாற்றினீர்கள், மாடியிலிருந்து இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பீர்கள் என்று கேளுங்கள். உண்மை தானாக வரும். இன்னும் நல்லது, கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் பழனிக்குக் கூட்டிப் போங்கள். ஏறும்போது வின்ச்சில் போகட்டும், இறங்கும்போது பாதிவரை நிற்காமல் படியில் வரட்டும். கோவைக்காரர்களுக்கு மருதமலை போதும், பஸ்ஸில் ஏறிப் படியில் இறங்கச் சொல்லுங்கள். மறுநாள் காலை ஃபோன் போட்டு முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் யாருக்கு எந்த டிக்கெட் என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆஷ்விட்ஸையும் சுரங்கத்தையும் ஒரே நாளில் வைப்பது

செய்யாதீர்கள். ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாம் கிராக்கோவுக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டர், சுரங்கம் தென்கிழக்கே. இரண்டுக்கும் நேரம் குறித்த டிக்கெட். அதைவிட முக்கியம், லட்சக்கணக்கான மனிதர்களைக் கொன்ற இடத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களை அதே மாலை சிற்பம் பார்க்கக் கூப்பிடுவது சரியில்லை.

வெள்ளை உப்பை எதிர்பார்த்துப் போவது

நமக்கு உப்பு என்றால் தூத்துக்குடி, வேதாரண்யத்து வெள்ளைக் குவியல், இல்லையென்றால் நாட்டு மருந்துக் கடை இந்துப்பு. வியெலிச்கா உப்பு சாம்பல் நிறம், சில இடத்தில் பச்சை கலந்திருக்கும். கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் கடல் வற்றிப் படிந்த உப்பில் களிமண் கலந்ததால் வந்த நிறம். இதைச் சொல்லி வைக்காவிட்டால், முதல் அரை மணி நேரம் எல்லோரும் கருங்கல் சுவரைப் பார்ப்பதாகவே நினைத்து நடப்பார்கள். தேவாலயத்துத் தரையில் அழகாகக் கட்டம் போட்ட டைல்ஸ் என்று எல்லோரும் நினைப்பது, அங்கே இருந்த உப்புப் பாறையிலேயே செதுக்கிய கோடுகள்.

அந்தத் தேவாலயத்தைப் பற்றிக் கொஞ்சமாவது ஊரிலேயே பேசிவிடுங்கள். தரைக்குக் கீழே 101 மீட்டர், நீளம் 54 மீட்டர், 1896இல் வேலை தொடங்கியது. செதுக்கியவர்கள் பட்டறைச் சிற்பிகள் இல்லை, அங்கேயே உப்பு வெட்டிய தொழிலாளிகள். யூசெஃப் மார்கோவ்ஸ்கி, அவர் தம்பி தோமாஷ், அவர்களுக்குப் பிறகு அன்டோனி விரோடெக். ஏசுவின் கடைசி விருந்தைச் சுவரில் புடைப்பாகச் செதுக்கியவர் விரோடெக். ஹங்கேரி இளவரசி கிங்கா தன் மோதிரத்தைப் பிறந்த நாட்டுச் சுரங்கத்தில் போட்டதும், போலந்தில் வெட்டிய முதல் உப்புக்கட்டியில் அது கிடைத்ததுமான கதையையும் சொல்லி வையுங்கள். வழிகாட்டி ஆங்கிலத்தில் வேகமாகப் போவார். அவர் பேசும்போது நீங்கள் கூடவே தமிழில் பேசினால் இரண்டும் யாருக்கும் விளங்காது. கதை முன்பே தெரிந்திருந்தால் பெரியவர்கள் சிற்பத்தைப் பார்த்தே "இதானுங்களே அந்த மோதிரம்?" என்று அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அங்கே ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கிறது, வழிபாட்டு இடம்தான். ஆனாலும் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. வாசலில் நின்று ஷூ கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிய ஒரு பாட்டியை மெல்ல நிமிர்த்தி, "வேண்டாங்க ஆத்தா, இங்க அப்படியே போலாம்" என்று சொன்னபோதும் அவர் மனசு ஒப்பவில்லை. உள்ளே போகும்வரை கைகூப்பியபடியே நடந்தார். இதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சுவரிலிருந்து உப்பைப் பெயர்த்தெடுப்பது

நக்கிப் பார்க்க வழிகாட்டிகளே விடுவார்கள். ஒரு துணுக்கைக்கூடப் பெயர்க்கக் கூடாது. உப்புச் சிற்பத்துக்கு ஈரம்தான் பகை. உள்ளே சேர்ந்த ஈரப்பதத்தால் சிற்பங்கள் கரையத் தொடங்கி, 1989 முதல் 1998 வரை இந்தச் சுரங்கம் யுனெஸ்கோவின் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலில் கிடந்தது. காற்றை உலர்த்தும் கருவிகள் வைத்துத்தான் மீட்டார்கள். நம் மூச்சே அதற்குப் பாரம். கையும் வேண்டாம்.

இன்ஹேலரைப் பஸ்ஸில் வைத்துவிட்டுப் போவது

உப்புக் காற்று நெஞ்சுக்கு நல்லது என்று அங்கேயே 135 மீட்டர் ஆழத்தில் சிகிச்சை மையம் நடத்துகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு மருந்தை வெளியே விட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து சட்டைப் பையில் இருக்கட்டும்.

புளிசோறு பொட்டலத்தோடு வரிசையில் நிற்பது

முன்பே சாப்பிடுங்கள். பெரிய பையை உள்ளே விடமாட்டார்கள்.

டாய்லெட்

இறங்கும் முன்.

பஸ்ஸை ஏறிய இடத்திலேயே நிறுத்தச் சொல்வது

உள்ளே போவது டானிலோவிச் குழி வழியாக. வெளியே வருவது எப்போதும் அதே இடத்தில் இல்லை. சில நேரம் அங்கேயே விடுவார்கள், சில நேரம் ஊருக்குள் இருக்கும் ரெகிஸ் குழி வழியாக மேலே அனுப்புவார்கள். நடந்து களைத்த ஆட்களை, லிஃப்டிலிருந்து வந்ததும் மறுபடி தெருத்தெருவாக நடக்க விடக்கூடாது. சுற்று முடியும் இடத்தில், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே எந்தக் குழி என்று வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த லிஃப்ட் சுரங்கத் தொழிலாளிகளுக்காகச் செய்த கூண்டு, ஆட்களை நெருக்கி ஏற்றுவார்கள், வேகமாகப் போகும். இருட்டும் நெருக்கமும் ஆகாதவர்களை உங்கள் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே வந்து சிக்னல் கிடைத்ததும் முதல் ஃபோன் டிரைவருக்கு. அவர் வரும்வரை குழுவை வாசலிலேயே ஒன்றாக நிறுத்தி, தலையை எண்ணிவிடுங்கள்.