கண்ணும் நாக்கும் கோபமும்: வீட்டிலேயே செய்து பார்க்கச் சில சோதனைகள்

வெளியில் இருப்பதை மூளை அப்படியே படம் பிடிப்பதில்லை. கண்ணும் காதும் தோலும் கொண்டுவந்து போடும் அரைகுறைச் சேதியை வைத்து, ‘இது இன்னதாகத்தான் இருக்கும்’ என்று ஊகிக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே இதை எழுதிவிட்டார். உணர்ச்சியும் ஏறக்குறைய அதே கதைதான். நெஞ்சு படபடக்கும், வயிறு கலங்கும், உள்ளங்கை வேர்க்கும். உடம்பு இப்படி எதையாவது சொன்னால் மூளை அதற்கு ஒரு காரணம் தேடிப் பிடிக்கும். பிடித்த காரணம் தப்பாகவும் இருக்கலாம். வீட்டில் ஒன்றுமில்லாததற்கு வெடிக்கும் சண்டைகள் பலவும் அந்தத் தப்பில்தான் முளைக்கின்றன.

இதை வாயால் விளக்கினால் யாரும் நம்புவதில்லை. செய்து காட்டினால் நம்புவார்கள். கீழே வருபவற்றைக் கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையிலும் செய்யலாம், தமிழ்ப்பள்ளி அறிவியல் விழா மேசையிலும் செய்யலாம். ஆறேழு பேர் போதும். கடையில் வாங்க வேண்டியவை ஒரு ரப்பர் கையுறை, இரண்டு தூரிகை, வாசனையில்லாத உணவு நிறமி, கொஞ்சம் சிட்ரிக் அமிலம், ஒரு சமையல் வெப்பமானி.

எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. விடையை முதலில் தாளில் எழுதச் சொல்லுங்கள், பிறகு பேசவிடுங்கள். சிவப்புப் பானத்தைக் குடித்த ஒருவர் வாய்விட்டு “சிராப்!” என்று சொல்லிவிட்டால் அறை முழுக்க சிராப் என்றுதான் எழுதும்.

முதலில் ஒரு வெள்ளோட்டம்

வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு 8 செ.மீ. வலப்பக்கம் தள்ளி, அரை செ.மீ. அகலத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், கிட்டத்தட்ட 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. ஆனால் அங்கே ஓட்டை எதுவும் தெரியாது. வெள்ளைத் தாள்தான் தெரியும். அந்த வெள்ளை மூளை போட்ட ஒட்டு. “எனக்கு மறையவே இல்லை” என்பவர் தன்னையறியாமல் புள்ளியைப் பார்த்திருப்பார், அல்லது கண்ணை மாற்றி மூடியிருப்பார்.

நிறம் சொல்லும் சுவை

கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டர், சீனி 80 கிராம், சிட்ரிக் அமிலம் தலைதட்டி அரைத் தேக்கரண்டி. நன்றாகக் கரைத்து நான்கு குவளைகளில் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சிவப்பு நிறமி, ஒன்றில் பச்சை, ஒன்றில் மஞ்சள், இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் வேண்டாம். நான்காவதை அப்படியே விட்டுவிடுங்கள். நான்கையும் குளிர்பெட்டியின் ஒரே தட்டில் ஒரு மணி நேரம் வைத்து, நிறம் தெரியும் கோப்பைகளில் 20 மில்லி வீதம் ஊற்றிக் கொடுங்கள். கேள்வி இரண்டுதான்: என்ன சுவை? இனிப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு வாய் வெறும் தண்ணீர்.

சிவப்புக்கு ரோஸ் சிராப், பச்சைக்கு ஆப்பிள், மஞ்சளுக்கு அன்னாசி என்று எழுதப்பட்ட தாள்கள் வந்தால் வியப்பில்லை. நாக்குக்குக் கிடைத்தது நான்கிலும் ஒரே சீனித் தண்ணீர். எந்த நிறத்துக்கு எந்தச் சுவை என்பது வளர்ந்த ஊரைப் பொறுத்தது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பழுப்பு நிற பானத்தைப் பார்த்து பிரிட்டிஷ் இளைஞர்கள் கோலாவை எதிர்பார்த்தார்கள், தைவான் இளைஞர்கள் திராட்சையை எதிர்பார்த்தார்கள். படித்தவர்களுக்கு இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். பிரான்சின் போர்தோ நகரில் வைன் பற்றியே படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் சிவப்பு நிறமி கலந்து கொடுத்தபோது, சிவப்பு வைனுக்குரிய சொற்களைத்தான் எழுதினார்கள். அந்த ஆய்வு வெளியானது 2001-இல்.

பெரும்பாலும் இது கெடுவது வாசனையால். நிறத்துக்காகச் சிராப்பையோ பண்டான் பசையையோ ஊற்றினால் சோதனை அங்கேயே செத்தது. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. நிறமி கூடினால் கசக்கும். ஒரு குவளை மட்டும் அதிகம் குளிர்ந்திருந்தால் அதில் இனிப்பு குறைவாகத் தெரியும். எல்லாம் முடிந்தபின் கண்ணை மூடச் சொல்லி, வரிசையை மாற்றி மறுபடி கொடுங்கள். இந்த இரண்டாவது சுற்று இல்லாமல் முதல் சுற்றை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. நான்கு கோப்பையிலும் சேர்த்து ஆறரை கிராம் அளவுக்குச் சீனி இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்களை மதிப்பெண் எழுதும் வேலைக்கு உட்காரவைக்கலாம்.

ரப்பர் கை

நேரம் குறைவாக இருந்தால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள். 1998-இல் போட்வினிக், கோஹன் இருவரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனை இது.

வலக்கைக் கையுறையில் பஞ்சையோ பழைய துணியையோ விரல் நுனிவரை அடைத்து மணிக்கட்டில் கட்டுங்கள். ஆளை மேசை முன் உட்காரவைத்து, வலக்கையை மேசைமேல் வைக்கச் சொல்லி, அதற்கு இடப்பக்கம் 30 செ.மீ. உயர அட்டை ஒன்றை நிறுத்துங்கள். இப்போது நிஜக் கை அவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது. அட்டையின் இடப்பக்கம், நிஜக் கையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, அதே திசையில் ரப்பர் கையை வையுங்கள். தோளிலிருந்து ரப்பர் மணிக்கட்டுவரை ஒரு துண்டைப் போர்த்திவிட்டால் கை உடம்பிலிருந்தே நீண்டு வருவதுபோல் இருக்கும். இந்தத் துண்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெட்டுப்பட்ட கைபோலக் கிடந்தால் மூளை அதை ஏற்க மறுக்கும்.

ரப்பர் கையையே பார்க்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரியான இரண்டு தூரிகைகளால் இரண்டு கையின் ஆள்காட்டி விரலையும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், ஒரே நீளத்துக்கு வருடுங்கள். நொடிக்கு ஒரு வருடல் அளவு. நடுநடுவே விரலை மாற்றலாம், தாளத்தையும் கொஞ்சம் மாற்றலாம். ஆனால் இரண்டு தூரிகையும் பிரியக்கூடாது. இரண்டு நிமிடத்துக்குள் பலருக்கு, தூரிகை ரப்பரைத் தொடும் இடத்தில்தான் உணர்வு இருப்பதாகத் தோன்றும். அப்போது கண்ணை மூடச் சொல்லி, இடக்கையால் மேசைக்கு அடியில், வலக்கை ஆள்காட்டி விரல் இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டும் இடம் ரப்பர் கைப்பக்கம் நகர்ந்திருக்கும். எத்தனை செ.மீ. என்று அளந்து எழுதுங்கள். பிறகு தூரிகைகளை வேண்டுமென்றே அரை நொடி முன்பின்னாக ஓட்டி இன்னொரு இரண்டு நிமிடம். இந்த முறை நகர்வு குறைந்துவிடும், மாயமும் கலைந்துவிடும்.

உணர்ச்சி உள்ளே வருவது அடுத்த கட்டத்தில். மாயம் பிடித்திருக்கும்போது ரப்பர் விரலை மெல்லப் பின்பக்கம் வளையுங்கள். வலி கிடையாது, தொட்டது அவரையல்ல, அது ரப்பர் என்றும் அவருக்குத் தெரியும். இருந்தும் கை வெடுக்கென்று பின்வாங்கும், சிலர் கத்துவார்கள். ராமச்சந்திரனும் ஆர்மெலும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படி வளைத்தபோது உள்ளங்கை வேர்வையின் மாற்றம் கருவியிலேயே பதிவானது. அறிவு ‘இது பொய்’ என்று சொல்லிக்கொண்டிருக்க, பயம் தன் வேலையைத் தனியே பார்க்கிறது. சுத்தியல், கத்தி எதையும் எடுக்காதீர்கள். இதய நோய் உள்ளவர்களை இந்தக் கட்டத்தில் சேர்க்காதீர்கள்.

எல்லாருக்கும் இது வருவதில்லை. மூன்று நிமிடமாகியும் ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், “வருதா, வருதா” என்று கேட்டுக்கொண்டிருந்தால் மரியாதைக்காக “ஆமாம்” என்பார்கள். ரப்பர் கை குறுக்கே திரும்பியிருந்தாலோ, நிஜக் கையைவிட்டு வெகுதூரம் இருந்தாலோ, வருடுபவருடைய இரண்டு கையும் ஒத்துப்போகாவிட்டாலோ பிடிக்காது. வருடுபவர் முன்கூட்டி ஐந்து நிமிடம் பழகிக்கொள்வது நல்லது.

படி ஏறிய படபடப்பு

கனடாவின் வான்கூவர் அருகே, ஏறக்குறைய 70 மீட்டர் உயரத்தில் கேப்பிலானோ என்றொரு தொங்குபாலம் இருக்கிறது. 1974-இல் டட்டன், ஆரோன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், அதன்மேல் ஒரு பெண்ணைச் சந்தித்த ஆண்கள், உறுதியான தாழ்வான பாலத்தில் சந்தித்தவர்களைவிட அதிகமாக அவரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். பயத்தின் படபடப்பை ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இதைப் பற்றி விவாதம் இன்னும் ஓயவில்லை. இதைவிடப் பயன்படும் விவரம் அதே பத்தாண்டில் ஸில்மன் குழுவினர் செய்த உடற்பயிற்சிச் சோதனைகளில் இருக்கிறது. பயிற்சி முடிந்த உடனே படபடப்பு வேறெதன்மேலும் ஏறுவதில்லை, ‘ஓடினேன், மூச்சு வாங்குகிறது’ என்று ஆளுக்குத் தெரியும். முழுக்கத் தணிந்தபின்னும் ஏறுவதில்லை. மூச்சு சரியாகிவிட்டதாகத் தோன்றி, உடம்பு மட்டும் இன்னும் தணியாத அந்த இடைப்பட்ட சில நிமிடங்களில்தான் ஏறுகிறது.

செய்து பார்க்க: உட்கார்ந்த நிலையில் 15 விநாடி நாடி எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மாடி வேகமாக ஏறுங்கள். பத்துமலையின் 272 படி பக்கத்தில் இருந்தால் அதுவும் சரி, பினாங்கில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்மலைக் கோயில் படிகள். இரண்டு பொருள் தரும் குறுஞ்செய்திகளை மூன்று அட்டைகளில் முன்பே எழுதிவையுங்கள்: “சரி, உங்க இஷ்டம்.” “நாளைக்குப் பேசிக்கலாம்.” “பார்த்தேன்.” ஏறிய உடனே ஒன்று, மூச்சு நிதானமானபின் ஒன்று, கால் மணி நேரம் கழித்து ஒன்று. அனுப்பியவர் எவ்வளவு கடுப்பில் இருக்கிறார் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொல்லுங்கள். எந்த அட்டை எப்போது என்பதை ஆளுக்கு ஆள் மாற்றுங்கள், இல்லையென்றால் அட்டையின் கடுப்பையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

இரண்டாவது அட்டையைக் கடிகாரம் பார்த்துக் கொடுக்காதீர்கள். பந்து விளையாடும் பையனுக்கு இரண்டு நிமிடத்தில் நாடி இறங்கிவிடும். நாள்முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு எட்டு நிமிடம்கூட ஆகலாம். மூச்சு வாங்கவில்லை, ஆனால் நாடி ஓய்வு நிலையைவிட 15, 20 கூடுதல் என்ற தருணம்தான் வேண்டும். ஆறேழு பேரில் வேறுபாடு தெளிவாகத் தெரியாமலும் போகும். விளைவு சிறியது, ஆளுக்கு ஆள் மாறுவது.

வீட்டுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. மாலை ஆறரைக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்தவருக்கு ஆபத்தான நேரம் நெரிசலில் இல்லை. செருப்பைக் கழற்றி, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, ‘அப்பாடா’ என்று மூச்சுவிட்டு ஐந்து நிமிடம் கழித்து, “ஏங்க, பால் வாங்கலையா?” என்று ஒரு குரல் வரும் பாருங்கள், அப்போதுதான். சாலையின் படபடப்பு பால் பாக்கெட்டின்மேல் இறங்கும்.

வந்ததும் கைகால் முகம் கழுவிவிட்டு, நாலு விநாடி மூச்சை இழுத்து ஆறு விநாடி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு குறையும் என்பதால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். தலை சுற்றினால் மூச்சை அளவுக்கு மீறி ஆழமாக இழுக்கிறீர்கள், இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, இழுப்பதைச் சிறிதாக்குங்கள். பிறகு இருப்பதற்குப் பெயர் வையுங்கள். வெறும் ‘கோபம்’ போதாது. எரிச்சலா, அவமானமா, பயமா, களைப்பா என்று ஒரு சொல்லும், ‘லாரிக்காரன் ஒடுக்கியதில் வந்த பயம்’ என்பதுபோல் ஒரு காரணமும். உணர்ச்சியைச் சொல்லாக்கும்போது, மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு குறைவதை லீபர்மன் குழு 2007-இல் மூளைப் படங்களில் காட்டியது. வாட்ஸ்அப்பில் பதில் எழுதுவது இதற்கெல்லாம் பிறகு. கையில் கடுங்காப்பியோடு இதைச் செய்ய வேண்டாம், காப்பியே நாடியை ஏற்றிவிடக்கூடும்.

கடைசியில் எது, அதுவே நினைவில்

ஒரு வாளியில் 5 லிட்டர் குழாய்த் தண்ணீர். அது 28 டிகிரி இருந்தால், 14 டிகிரிக்கு இறக்க முக்கால் கிலோ பனிக்கட்டி பிடிக்கும். நம் வெக்கைக்கு ஒரு கிலோ கையில் இருக்கட்டும், வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துப் போடுங்கள். ஒரு கையை மணிக்கட்டுவரை 60 விநாடி வைத்து எடுக்கட்டும். ஏழெட்டு நிமிடம் கழித்து மற்றக் கையை அதே 60 விநாடி, அதோடு எடுக்காமல் இன்னொரு 30 விநாடி. அந்த 30 விநாடியில் 60 டிகிரி வெந்நீர் அரைக் குவளையை, 130 மில்லி அளவு, கையில் படாமல் வாளியின் ஓரமாக ஊற்றிக் கலக்கினால் 15 டிகிரிக்கு வரும். மூன்றாவது முறை ஒன்றைத் திரும்பச் செய்ய வேண்டுமென்றால் எது என்று கேளுங்கள். உளவியலாளர் கானமனும் அவருடைய குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில் பெரும்பாலானோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். மொத்த வேதனை அதில்தான் அதிகம், ஆனால் முடிவு மிதமாக இருந்தது. பாதிப் பேருக்கு நீண்டதை முதலில் செய்யுங்கள். குளிரில் விரல் வெளுத்துப் போகிறவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இது வேண்டாம்.

கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்ட பிள்ளையை அழுகையோடு தூக்கிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்கு ஓடுகிறோமே, அதை மாற்றிக்கொள்ளலாம். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, வலி குறையும்வரை அங்கேயே மடியில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் பேச்சுக் கொடுங்கள். குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்துகொண்ட பெரியவர்களிடம் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இதே வழியைத்தான் பார்த்தது: குழாயை உடனே உருவாமல் கடைசியில் சிறிது நேரம் அசைக்காமல் விட்டதில், மொத்த நேரம் கூடியும் நினைவில் தங்கிய வேதனை குறைந்தது.